மூச்சுப் பெட்டியோடு திண்டிவனம் போனது

விழுப்புரத்தில் காலை ஏழு மணி பாசஞ்சர் ஏறும்போதே கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது. என் தம்பி துரை தோளில் ஓர் இரும்பு உருளை, கையில் ஒரு கோணிப்பை. பைக்குள் இருந்ததற்கு அவன் ரெகுலேட்டர் என்று பெயர் சொன்னான். எனக்கு அது மூச்சுப் பெட்டி. சின்ன சாதத் தட்டு அளவுக்கு வட்டமான ஒரு டப்பா, அதிலிருந்து வலமும் இடமும் கிளம்பி வாய்க்கு வருகிற இரண்டு ரப்பர் குழாய்கள். பார்த்தால் கொம்பு முளைத்த ஜந்து மாதிரி இருக்கும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். ஜந்து என்று எழுதலாமா என்று கேட்கிறாள், எழுதட்டும்.

துரை புதுச்சேரித் துறைமுகத்தில் முங்கு வேலை பார்ப்பவன். வெள்ளைக்காரர்களிடம் கற்றுக்கொண்டது. உருளையில் அடைத்த காற்றை இந்தப் பெட்டி வழியாக இழுத்துக்கொண்டு தண்ணீருக்கடியில் அரை மணிக்கு மேல் இருப்பான்.

திண்டிவனத்துக்கு இருபத்து நாலு மைல். டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டு அணா. நயா பைசா வந்து எத்தனையோ நாளாகிவிட்டது, எனக்கு அணாவில் சொன்னால்தான் விளங்கும். முண்டியம்பாக்கம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"இன்னாம்மா அது, காலுகிட்ட? குண்டா?"

"காத்துங்க," என்றேன்.

"காத்தா? அத்த எதுக்கு வில்லுபுரத்துலேந்து தூக்கிக்கினு போறீங்க? திண்டிவனத்துல காத்து இல்லியா?"

"இருக்குதுங்க. கெணத்துக்குள்ளதான் இல்ல."

வண்டியே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விக்கிரவாண்டியில் ஒருத்தி சுடச்சுட வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்றாள். வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். பேரணி தாண்டி மயிலம் மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மற்ற நாளாக இருந்தால் முருகனிடம் ஒரு பட்டியலே சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். என் மகள் செல்வியின் பயிர் பிழைக்க வேண்டும்.

செல்வியைத் திண்டிவனத்துக்கு மூன்று மைலில் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. கரண்டு வந்த புதிது, சம்பந்தி கிணற்றில் மோட்டார் போட்டிருந்தார். தண்ணீரை இழுக்கிற குழாயின் அடியில் ஃபுட்வால்வு என்று ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். அது கழன்று கிணற்றடியில் விழுந்துவிட்டது. அது இல்லாமல் மோட்டார் வெறுமனே உறுமும், தண்ணீர் ஏறாது. அந்த அளவு திண்டிவனத்தில் கிடைக்கவில்லை. மதராசிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். கிணற்றில் நாலு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர், ஊர்க்காரர்கள் முங்கிப் பார்த்தும் அடி எட்டவில்லை என்றுதான் துரையைக் கூட்டிக்கொண்டு போனேன். நட்டு இருபது நாள் ஆன நெல், புரட்டாசி வெயில், மழையைக் காணோம்.

எட்டரைக்குத் திண்டிவனம். அங்கிருந்து மாட்டுவண்டி. பத்து மணிக்குக் கிணற்றடியில் நின்றோம். வயல் வெடித்துக் கிடந்தது. நாற்றின் நுனி சுருண்டிருந்தது. செல்வி குனிந்து ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் நட்ட வயல் அது.

துரை பெட்டியை உருளையில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். தலை முழுகுவதற்குள் 'குபுகுபு'வென்று ஒரே காற்றுக் கொப்பளம். திண்டிவனம் ஸ்டேஷனில் எஞ்சின் ஆவி விட்டது போல. உடனே மேலே வந்து உருளையின் திருகை மூடினான்.

"இன்னாடா ஆச்சு?"

"காத்து ஒழுவுதுக்கா. நான் இழுக்கறதுக்கு முன்னயே அதுவா கொட்டிக்கினு கீது. இப்பிடியே போனா அடியில போயி சேர்றதுக்குள்ள உருளை காலி."

"வேற காத்து அடச்சிக்கலாமே?" என்றார் சம்பந்தி.

"இத்த அடைக்கிற மிஷின் புதுச்சேரிலதான் இருக்குதுங்க. போயிட்டு வர ரெண்டு நாளு."

இரண்டு நாளா என்று சம்பந்தியம்மா வயலைப் பார்த்தாள்.

துரை வேப்பமரத்தடியில் துண்டை விரித்தான். செல்வி அண்டாவில் தண்ணீர் கொண்டுவந்தாள். சைக்கிள் டியூபில் ஓட்டை பார்ப்பது போலத்தான் பார்த்தான். உருளையும் பெட்டியும் சேருகிற மூட்டில் தண்ணீர் ஊற்றி, திருகைத் துளி திறந்து மூடினான். கொப்பளம் இல்லை.

"மூட்டு நல்லா கீது."

ரப்பர் குழாய்களை அண்டாவில் அமுக்கி வாயால் ஊதினான். அங்கேயும் இல்லை. மறுபடி துளி திறந்தான். வாய்ப்பக்கத்தில் 'புஸ்' என்று வந்தது.

"அப்போ உள்ளதான். கதவு சாத்தல."

"பெட்டிக்குள்ள கதவா?" என்றேன்.

"ஆமாக்கா. உள்ள ஒரு ரப்பர் தோலு, பறை மாதிரி. நான் மூச்சு இழுத்தா அது உள்வாங்கி ஒரு நெம்புகோல அமுக்கும், கதவு தொறந்துக்கும். இழுக்கலேன்னா சாத்திக்கும். இப்போ யாருமே இழுக்காம எதுவோ அமுக்கிக்கினு கீது."

சம்பந்தியம்மா உள்ளே ஓடி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "கொஞ்சம் மல்லாட்டெண்ண வுட்டா சரியாப் பூடும் தம்பி. எங்க ராட்டினத்துக்கு அதான்."

"ஐயோ, வேணாம்மா!" துரை பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். "இத்தினி அழுத்தத்துல எண்ண பட்டா நெருப்புப் புடிக்கும். ரப்பரும் ஊறிப் பூடும்."

அவள் கிண்ணத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு எட்ட நின்றாள்.

டப்பாவைச் சுற்றியிருந்த கவ்விகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேல் மூடியைத் தூக்கினான். மூடியில் தண்ணீர் புக வட்டமாய்ப் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். அடியில் அந்த ரப்பர் தோல். இரண்டுக்கும் நடுவில் மஞ்சளாய் ஒரு கட்டி. காய்ந்து இறுகிப்போன சந்தனம். அதில் குங்குமம், நாலைந்து அட்சதை அரிசி. தண்ணீர் பட்டு அரிசி உப்பிப்போய், ரப்பர் தோலை ஓர் ஆள் விரலால் அமுக்குவது போல அமுக்கிக்கொண்டிருந்தது.

"டேய், யாருடா இதுக்குப் பொட்டு வெச்சது?"

துரை தலையைச் சொறிந்தான். "ஆய்த பூசைக்கு நான்தான்க்கா. ஓட்டை ஓட்டையா வாட்டமா இருந்துச்சி. ஒண்ணு வுடாம வெச்சேன்."

"எதுக்குடா அத்தினி?"

"உசிர காப்பாத்துற சாமானாச்சே. ஒரு பொட்டு போதுமா?"

என்னால் தாங்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து மடியிலிருந்த மல்லாட்டையெல்லாம் கொட்டிவிட்டது. சம்பந்தியம்மாவும் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். "என் எண்ணய மட்டும் வேணான்னீங்களே தம்பி!" என்றாள். செல்விகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

கத்தி போடக்கூடாதாம், தோல் கிழிந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து, சிறு விரலால் மெல்ல மெல்ல வழித்தெடுத்தான். ஓட்டைகளைத் துடைப்பங்குச்சியால் குத்தினான். தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கிழிசல் இல்லை என்று பார்த்துவிட்டு மூடியைப் போட்டுக் கவ்விகளை மாட்டினான். திருகைத் திறந்தான். சத்தமே இல்லை. வாயில் வைத்து இழுத்தான், காற்று வந்தது. நிறுத்தினான், நின்றது. குழந்தை தூங்க ஆரம்பித்தது போல இருந்தது எனக்கு.

"உள்ள எவ்ளோ காத்து மிச்சம்?"

"தெரியலக்கா. கயிற மட்டும் வுட்றாத. ரெண்டு தடவ சுண்டினா ஜல்தியா இழு."

அவன் இறங்கியதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கயிறு சம்பந்தி கையில், அவர் பின்னால் நானும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் பச்சையாய்க் கிடந்தது. ஒரு கொத்து கொப்பளம் வரும், நிற்கும். திரும்ப வரும். அது வருகிற வரைக்கும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒருமுறை வெகுநேரம் வரவில்லை. "இழுத்துடலாமாங்க?" என்றேன். "சுண்டல இல்ல, இருங்க," என்றார் சம்பந்தி. அவரும் கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார். அப்புறம் கயிறு இரண்டு முறை சுண்டியது.

இழுத்த இழுப்பில் துரை சேறு பூசிய முகத்தோடு வந்தான். வாயிலிருந்து குழாயைத் துப்பி, "காத்து முடிஞ்சிபோச்சி," என்றான். கக்கத்தில் இரும்புக் குமிழ் இருந்தது.

அதைக் குழாயில் பூட்டி, நீர் வார்த்து, மோட்டாரைப் போட்டபோது மணி மூன்று. முதலில் சேறு, பிறகு நுரை, பிறகு தொட்டியில் தொம்மென்று தண்ணீர். செல்வி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலோடு ஓடினாள்.

ஐந்து மணி வண்டியைப் பிடிக்க நாங்கள் புறப்பட்டோம். எங்கள் பக்கத்தில் தாய் கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்து கண்ணைக் கசக்க வேண்டும். "அவள கூப்புட்றேன் இருங்க," என்று சம்பந்தியம்மா தவித்தாள். வேண்டாம் என்றேன். ஒரு பாத்தி நிரம்பி மறு பாத்திக்கு மடை மாற்றுகிற நேரம். மாட்டுவண்டியிலிருந்து பார்த்தேன். முழங்கால் வரை சேறு, குனிந்தவள் நிமிரவேயில்லை. வாசலுக்கு வராத மகளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷமாக ஊர் திரும்பியவள் நானாகத்தான் இருப்பேன்.