விரலில் நானே பூசிய மை

போன பிரதேச சபைத் தேர்தல் அன்று நடந்தது இது. இடம், கண்டக்குழிக்கும் ஆலங்குடாவுக்கும் கிட்ட, கடலை ஒட்டி இருக்கிற எங்கள் ஊர். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். நானே என்னைத் திட்டிக்கொண்டதில் பாதிகூட உங்களால் முடியாது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கைட் ஓடப் பழக்குகிற இடத்தில் வேலை. பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் பிடித்துக்கொண்டு, பலகையில் நின்று தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போவார்களே, அதுதான். மே மாதம் வந்தால் எங்கள் கரையில் காற்று வெறி பிடித்தது மாதிரி அடிக்கும். தேர்தலும் சரியாக அந்தக் காற்றோடுதான் வந்தது.

எங்கள் வட்டாரத்தில் உண்மையான போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒருவர் மீன் முதலாளி. வாயைத் திறந்தால் தூஷணம். ஒருமுறை பள்ளிவாசல் முன்னால் நாலு பேர் பார்த்திருக்க என் வாப்பாவை மடையன் என்று ஏசியவர். முந்திய தடவை வென்று, ஊருக்கெல்லாம் வீதி விளக்குப் போடுவதாகச் சொல்லிவிட்டுத் தன் வீட்டு வாசலில் மட்டும் போட்டுக்கொண்டார். மற்றவர் படித்தவர். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய ஸலாம், எப்போதும் சிரிப்பு. அவருடைய மச்சான் கடற்கரையில் ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அந்த விடுதிக் காணியின் ஓரத்தால்தான் ஊரிலிருந்து கடலுக்குப் போகிற குறுக்கு வழியான ஒழுங்கை ஓடுகிறது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு ஒழுங்கைதான்.

என் ராத்தாவின் பிழைப்பும் அதில்தான். எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அவள் புருஷன் மாரடைப்பில் மௌத்தான பிறகு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கருவாடு போட்டு வாழ்கிறாள். மீன்பிடிப் போட் கரைக்கு வந்ததும் மீனை வாங்கி, அகலமான பேசினில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு அந்த ஒழுங்கையால் வந்தால் ஐந்து நிமிடத்தில் வீடு. உடனே வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்துவிடலாம். ஒழுங்கை இல்லாவிட்டால் பெரிய ரோட்டைச் சுற்றி அரைமணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். எங்கள் வெயிலில் அவ்வளவு நேரம் மீன் தாங்காது.

முதலாளி அந்த ஒழுங்கையைச் சபையில் பொதுவழியாகப் பதிந்து தருவதாகச் சொல்லியிருந்தார். ராத்தா மேல் இரக்கப்பட்டு இல்லை. அவருடைய போட்டுகளுக்கு ஐஸ் போவதும் அந்த வழியால்தான். இதை எல்லோரையும் விட ராத்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

“அவன் நல்லவன் எண்டு நான் சொல்லல்ல. அவனும் நாங்களும் போறது ஒரே ஒழுங்கையால. எனக்கு அது போதும்” என்றாள்.

“எல்லாரும் கள்ளனுகள்தான் ராத்தா. எவனுக்குப் போட்டாலும் ஒண்டுதான்” என்றேன் நான். சொல்லும்போது ஏதோ பெரிய அறிவாளி மாதிரி ஒரு நினைப்பு. வாப்பாவை ஏசியவனுக்கு வோட்டுச் சீட்டில் புள்ளடி போடுவதா என்ற கோபமும் இருந்தது. ஃபேஸ்புக்கில் இதே வசனத்தை எழுதி, கூட்டாளிமாரிடம் லைக்கும் வாங்கியிருந்தேன்.

தேர்தல் அன்று வாக்களிக்கப் போய்வர முதலாளி எனக்குக் காலையில் நாலு மணித்தியாலம் லீவு தந்தார். இவர் நான் வேலை செய்த இடத்து முதலாளி, அந்த மீன் முதலாளி இல்லை. வாக்குச்சாவடி எங்கள் ஊர்ப் பாடசாலை. நடந்தாலே பத்து நிமிடம். நானும் மூன்று கூட்டாளிமாரும் பாடசாலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்று அப்படி அடித்தது. அந்த நாலு மணித்தியாலமும் கைட் ஓடினோம்.

வீட்டுக்குப் போகும்போதுதான் விரல் ஞாபகம் வந்தது. வாக்களித்தால் இடது கைச் சுண்டுவிரலில் மை பூசுவார்கள். ராத்தா கட்டாயம் பார்ப்பாள்; நான் போட்டால் அவள் சொன்ன ஆளுக்குத்தான் போடுவேன் என்று நம்பியிருந்தாள். கைட் பலகைகளுக்கு இலக்கம் எழுதுகிற மார்க்கர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை எடுத்து நகத்திலும் தோலிலும் சேர்த்துப் பூசினேன். நாலு பேரும் பூசிக்கொண்டு, விரலை நீட்டிப் படமும் எடுத்தோம். அப்படிச் சிரித்தோம். அந்தப் படத்தை இப்போது பார்த்தால் போனைச் சுவரில் அடிக்கத் தோன்றுகிறது.

ராத்தா விரலைப் பார்த்தாள். அன்றைக்குப் பகல் சோற்றில் எனக்கு மட்டும் பெரிய மீன் துண்டு வைத்தாள். நான் அதையும் தின்றேன்.

பின்னேரம் வாக்கு எண்ணினார்கள். பொழுது பட்டு மஃரிப் தொழுது முடிய, ஊரில் பாதிப்பேர் பாடசாலை கேற்றுக்கு வெளியே நின்றார்கள். உள்ளேயிருந்து முடிவு வரத் தாமதித்தது. திரும்ப எண்ணுகிறார்களாம் என்றார்கள். கடைசியில் ஒருவர் வெளியே வந்து சொன்னார், இரண்டு பேருக்கும் வாக்குச் சரிசமன். ஒரு வாக்குக்கூட வித்தியாசம் இல்லை. சட்டப்படி திருவுளச்சீட்டுத்தான் எடுக்க வேண்டுமாம்.

பக்கத்தில் நின்ற என் கூட்டாளி நிலத்தைப் பார்த்தான். ராத்தா என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“நீ போட்டதாலதான்டா சமனா சரி வந்திச்சு. இல்லாட்டி தோத்துத்தான் போயிருப்பம்” என்றாள். சொன்னதோடு விடவில்லை. சுற்றி நின்ற கருவாட்டுப் பெண்கள் எல்லோரிடமும், “என்ட தம்பிட வோட்டு” என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் மையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஒரு பெட்டியில் இரண்டு கடதாசித் துண்டுகளைப் போட்டு, ஒன்றை எடுத்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரரின் பெயர் வந்தது. ஒரு முழு வட்டாரத்தின் தலையெழுத்தை ஒரு கடதாசித் துண்டு முடிவு செய்தது. அதற்கு இடம் கொடுத்தது நாங்கள் நாலு பேர்.

ஒரு மாதம் ஆகவில்லை, ஒழுங்கையின் வாயில் இரும்புக் கேற்று வந்துவிட்டது. பச்சைப் பெயின்ட், பெரிய பூட்டு, கதிரை போட்டு ஒரு காவல்காரர். ராத்தாவும் மற்றப் பெண்களும் புதிய உறுப்பினரிடம் போனார்கள். உட்காரச் சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து, சிரித்துக்கொண்டே, “பாப்பம்” என்றாராம். மீன் முதலாளியிடமும் போனார்கள். தோற்ற பிறகு தனக்கு என்ன கதை என்று கத்தி அனுப்பிவிட்டார். போட்டுகளை அதற்கு முன்னமே வேறு கரைக்கு மாற்றிவிட்டார். நல்லவர் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் வென்றிருந்தால், தன் ஐஸ் லொறிக்காகவாவது அந்தக் கேற்றை வர விட்டிருக்க மாட்டார்.

அந்தக் கிழமையில் ஒரு நாள் கரைக்குப் போய், பேசினை ராத்தாவின் தலைக்குத் தூக்கிவிடக் குனிந்தேன். பேசின் விளிம்பில் அவள் கையும் என் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவள் சுண்டுவிரல் நகம் அடிப்பக்கம் வெளுத்து வளர்ந்திருந்தாலும், மேல் பாதியில் தேர்தல் மை இன்னும் கறுப்பாக நின்றது. என் நகம் வெள்ளையாக இருந்தது. மார்க்கர் உப்புத் தண்ணீரில் மூன்றாம் நாளே போய்விட்டது, நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள்.

“நீ போடல்லயா?”

“போடல்ல ராத்தா.”

“போடாட்டி போடல்ல எண்டு சொல்லு. ஏன்டா மை பூசின? நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேனே!”

என் கையைத் தட்டிவிட்டு, பேசினைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மூடிய கேற்றுக்கு முன்னால் திரும்பி, பெரிய ரோட்டைச் சுற்றி. மீன் தண்ணீர் அவள் முதுகில் வடிந்தது. நான் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். ஏறச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நானும் அந்தக் கூட்டாளிமாரும் ஒழுங்கைக்காக மனு எழுதி, கையெழுத்து வாங்கி, கந்தோர் கந்தோராக அதிகாரிமாரிடம் அலைகிறோம். ஒரு புள்ளடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. “அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்” என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நேற்றும் ஒரு பொடியன் என்னை நானா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, எல்லாரும் கள்ளனுகள்தானே, பிறகு என்னத்துக்கு வோட்டு என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் அந்தக் கேற்றைக் காட்டினேன். நீ போடாத வோட்டு சும்மா கிடக்கும் என்று நினைக்காதே, அது இப்படிப் பூட்டாக வந்து நிற்கும் என்றேன்.

ராத்தா இப்போது என்னோடு பேசுகிறாள். ஆனால் பேசினைத் தூக்கிவிட நான் கை வைக்கும்போதெல்லாம் அவள் கண் முதலில் என் சுண்டுவிரலுக்குத்தான் போகிறது; அடுத்த தேர்தலில் உண்மையான மையோடு அந்த விரலை அவள் முன்னால் நீட்டும்வரை, நான் அவளுக்குப் பொய் சொன்ன தம்பிதான்.