ஆடு தொடாத இலை

கருத்தக்கண்ணன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் செக்கானூரணிக்கு மேற்கே வெறும் சரளையாகக் கிடந்த ஐந்து ஏக்கரைத் தன் இரண்டு கையால் நிலமாக்கிக் காட்டியவர். இதைச் சொல்ல வேறு ஆள் வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். மதுரை பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் நாகமலை வருவதற்குள் கல் பொறுக்கிய கதை, கிணறு வெட்டிய கதை இரண்டையும் கேட்டு முடித்திருப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அந்த நிலத்தில் அவர் விதைத்தது நித்தியகல்யாணி. ஊர் வாய்விட்டுச் சிரித்தது. சுடுகாட்டு ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிற செடி அது. சுடுகாட்டு மல்லி என்றுதான் அங்கே அதற்குப் பேர்.

“என்ன அண்ணே, பொணத்துக்கு மாலை கட்டவா இம்புட்டு வெள்ளாமை?” என்று கேட்டான் பக்கத்து நிலத்து விருமாண்டி.

“போடா இவனே. நீ கடலையப் போட்டுட்டுக் கம்பும் கையுமாக் காவல் கெடக்குறே. என் காட்டுக்கு வேலி இருக்கா? ஆடு வாய் வைக்குமா, மாடு வாய் வைக்குமா? டவுன்லருந்து வஹீது பாய் லாரியோட வந்து காஞ்ச இலைய மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறாரு. கப்பலேறிப் போயி மருந்தாகுதாம்டா. ஒன் கடலை எம்புட்டுத் தூரம் போகும்? உசிலம்பட்டிச் சந்தை வரைக்கும் போகுமா?”

விருமாண்டி கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு தன் கடலைக்குத் திரும்பினான். அன்றிலிருந்து ‘ஆடு வாய் வைக்காது’ என்பதைக் கருத்தக்கண்ணன் சொல்லாத நாளில்லை.

எண்பத்து மூன்று தை மாதம், அவர் மனைவி அன்னக்கொடியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. பிறகு இரண்டு, மூன்று. பற்றுப் போட்டார்கள், அசையவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போனதில், டாக்டர் சாயிரா பானு சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்து, நெறிகட்டுகிற இடத்தில் வருகிற புற்றுநோய் என்றார்.

கருத்தக்கண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க ஐயா. இதைக் குணமாக்க வழி இருக்கு. ஒடம்புல அணு ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சுதான் வளரும். இந்த நோயில அது நிறுத்தாமப் பிரிஞ்சுக்கிட்டே போகுது. நாங்க குடுக்குற மருந்து அதைப் பிரிய விடாம முடக்கிப் போட்டுடும். ஆனா ஆறு மாசம், சொன்ன தேதியில ஊசி போடணும். ஒண்ணுகூடத் தவறக் கூடாது. பாதியில விட்டா மறுபடி வளர ஆரம்பிச்சிடும்.”

“எதுலருந்து எடுக்குற மருந்து தாயி?”

“நாலு மருந்து சேர்த்துத் தர்றோம். அதுல ஒண்ணு நித்தியகல்யாணிச் செடியிலேர்ந்து வர்றது.”

அவ்வளவுதான். சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அது என் செடி தாயி!” என்று அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் மாத ஊசிகள் முடிந்தன. அன்னக்கொடிக்கு விரல் நுனி மரத்தது, வயிறு இறுகிக்கொண்டது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அவள் ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இலை காயவைக்கப் போய்விடுவாள். அவரால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. ஐந்து ஏக்கர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு மருந்துக்குப் பஸ் ஏறி, இவளை இப்படி வதைக்க வேண்டுமா?

அடுத்த ஊசிக்குப் போக வேண்டிய காலையில் அவர் ஒரு சொம்பை நீட்டினார்.

“இனி மதுரை வேணாம் அன்னம். இதைக் குடி. நம்ம இலைக் கசாயம். அந்த ஊசியே இதுதானே!”

அவள் சொம்பை முகர்ந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன் மாமா, ஆடு வாய் வைக்காது, மாடு வாய் வைக்காதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீகளே, அந்த இலையவா எனக்குக் குடுக்குறீக? ஆட்டுக்கு இருக்குற அறிவு எனக்கு இல்லேன்னு நெனச்சீகளா?”

கருத்தக்கண்ணன் அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவாரா? “நான் குடிச்சுக் காட்டுறேன் பாரு!” என்று ஒரே மூச்சில் சொம்பைக் காலி செய்து மீசையைத் துடைத்தார்.

மீசை காய்வதற்குள் குமட்டியது. பிறகு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. கிணறும் வரப்பும் அவரைச் சுற்றி வந்தன. அன்னக்கொடி ஒரு கையையும் விருமாண்டி ஒரு கையையும் பிடித்து மதுரை பஸ்ஸில் ஏற்றினார்கள்.

“ஆடு பொழைச்சுக்கிருச்சு அண்ணே,” என்றான் விருமாண்டி. அவனைத் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ஊசிக்கு வந்த பெண்சாதி ஒரு கட்டிலில், குளுக்கோஸ் ஏறுகிற புருசன் அடுத்த கட்டிலில். டாக்டரம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“அந்த இலையில எத்தனையோ சரக்கு கலந்து கெடக்கு ஐயா, வெசமும் இருக்கு. ஒரு லாரி இலையை வடிச்சா எங்களுக்கு வேண்டியது ஒரு சிட்டிகை கெடைக்கும். அதையும் ஆளுக்குத் தகுந்த மாதிரி துல்லியமா அளந்து நரம்புல ஏத்துறோம். அளவு மீறினா மருந்தே ஆளை முடிச்சிடும். இன்னைக்கு அந்தம்மா அதைக் குடிச்சிருந்தா?”

கருத்தக்கண்ணன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். துண்டு கட்டிய தலை, ஊசி குத்திய மெலிந்த கை. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: “அப்ப, நான் இதுவரைக்கும் ஏத்திவிட்ட லாரிக்கெல்லாம் எம்புட்டுச் சிட்டிகை தாயி தேறும்?”

“படுத்துக் கெடக்கும்போதும் பெருமையப் பாரு!” என்றாள் அன்னக்கொடி.

அதன்பின் ஒரு தேதிகூடத் தவறவில்லை. மழையில் பஸ் வராத ஒரு நாள் செங்கல் லாரியை மறித்து ஏற்றிக்கொண்டு போனார். ஆடி மாதத்தோடு ஊசி முடிந்தது. கழுத்தில் தடவிப் பார்த்தால் ஒன்றுமில்லை. மறு வருசம் பொங்கலுக்குள் தலையில் முடி சுருட்டை சுருட்டையாக முளைத்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா.

அப்படிக் காட்டிவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கருத்தக்கண்ணன் தன் காட்டு இலை கப்பலேறிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“கசாயம் குடிச்ச கதையையும் சொல்லுங்க மாமா,” என்றாள் முன்சீட்டிலிருந்து அன்னக்கொடி.

ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்: “ஆடுகூடத் தொடாத இலை. அதை ஒரு சொம்பு குடிச்சுட்டு எந்திரிச்சு உக்காந்தவன் இந்த மதுரைச் சீமையில ஒரே ஆளுய்யா...”