உப்புப் போட்ட ஐஸ்

மரியநாயகம் கிறகோரி. பிறப்பு: 1969 மார்ச் 12, யாழ்ப்பாணம் குருநகர். தொழில்: இறால் பெட்டி அடைத்தல், முப்பத்தொரு ஆண்டுகள். கொழும்புக்கு அவர் அடைத்த பெட்டிகளில் பழுதானவை இரண்டு. இரண்டுக்கும் எதிரே, காரணம் லொறி என்று தம் கொப்பியில் எழுதியிருந்தார்.

2023 யூலை 28ஆம் திகதி, மகள் ஜெசிதாவுக்கு இடம் கொடுத்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. விடுதியில் சேரும் நாள் ஒகஸ்ட் 21. அதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக மெனின்ஜைட்டிஸ் தடுப்பூசி, அதாவது மூளையுறைக் காய்ச்சலுக்கான ஊசி, போட்டிருக்க வேண்டும். தவறினால் இடமும் புலமைப்பரிசிலும் இரத்தாகும். அவளுடைய சிறுவயதுத் தடுப்பூசி அட்டையில் அந்த ஊசி இல்லை. விசாரித்த யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளிலும் இல்லை, கொழும்பில் இருந்தது.

"நான் போய்ப் போட்டுக்கொண்டு வாறன், அப்பா," என்றாள் ஜெசிதா.

"ஒரு ஊசிக்காகவோ? இறாலே பழுதாகாமல் கொழும்புக்குப் போகுது. ஊசி இஞ்சை வராதோ?"

ஒகஸ்ட் 3ஆம் திகதி, மருத்துவர் எழுதிய துண்டோடும் தம் பெட்டியோடும் அவரே போனார். குளிராக வைத்திருக்கும்படி மருந்துக்கடைக்காரர் சொல்லத் தொடங்கியபோது, அது தமக்குத் தெரியுமென்று கையமர்த்தினார். நொறுக்கிய ஐஸின் நடுவே ஊசிமருந்தைப் புதைத்து, தூரப் பயணத்து இறாலுக்குப் போடுவதுபோல ஐஸின் குளிர் இன்னும் கூட, இரண்டு கைப்பிடி கல்லுப்புத் தூவி மூடினார்.

மறுநாள் காலை, யாழ்ப்பாணத்துத் தனியார் மருத்துவ நிலையமொன்றில் தாதி துஷாந்தினி பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, இது கல்லாய்க் கிடக்கு."

"ஓம். ஒரு சொட்டுத் தண்ணி விடேல்லை," என்றார் கிறகோரி.

"உறைஞ்சால் இந்த மருந்து வேலை செய்யாது, ஐயா. இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையிலைதான் வைக்கவேணும். ஆர் உப்புப் போட்டது?"

உப்பைப் பற்றி அவரிடம் அதுவரை எவரும் குறையாகக் கேட்டதில்லை.

கொழும்புக் கடையில் அதுவே கடைசி ஊசி. அடுத்தது 10ஆம் திகதி பின்னேரம் வருமென்றார்கள். ஜெசிதா கலண்டரில் 11ஐ வட்டமிட்டாள், தகப்பனை ஏசவில்லை. ஏச்சுக்கு ஆயத்தமாக இருந்த கிறகோரி அன்று வேலைக்குப் போகவில்லை.

10ஆம் திகதி காலை இருவரும் கொழும்புக்குப் பஸ் ஏறினர். நடத்துநர் றஞ்சித் அவரை நெடுநாள் அறிந்தவன்.

"என்ன கிறகோரி அண்ணை, பெட்டியைக் காணேல்லை?"

"இண்டைக்குப் பிள்ளைதான் போகுது."

"அப்ப பிள்ளைக்கு ஐஸ் போடேல்லையோ?"

ஜெசிதா சிரித்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான்.

"நீ ஏசியைக் கனக்கக் கூட்டாதை," என்றார் கிறகோரி.

11ஆம் திகதி காலை 9.10க்கு ஊசி போடப்பட்டது. அதற்கு முன் அவர் அனுமதி கேட்டு, மருந்து வைத்திருந்த குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டார்: நான்கு பாகை. சான்றிதழைப் பல்கலைக்கழகம் மறுநாள் ஏற்றுக்கொண்டது.

வீடு திரும்பியதும் அவர் கொப்பியில் ஒரு வரி சேர்த்தார். காரணம்: உப்பு. பழுதானவை: மூன்று.