படம் எடுத்த பிறகே

சபையில் என் நாத்தனாருக்குக் கத்தரி என்று பெயர். தையல்காரி என்பதால் மட்டுமல்ல; நாக்கும் அப்படித்தான் வெட்டும். கணவர் இறந்த பிறகு தையல் மெஷினோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த வாரமே என் சமையலையும் என் ஜெபத்தையும் திருத்த ஆரம்பித்துவிட்டாள். கடவுளோடும் சண்டை போடுவாள். ஆனால் அவரோடு ஒருநாளும் பேச்சை நிறுத்தியதில்லை. என்னோடு பலமுறை நிறுத்தியிருக்கிறாள். என்றாலும் இப்போது சொல்லப்போகும் சண்டையில் நான் அவள் பக்கம்.

ஆலயத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. இல்லாதவர்களுக்கென்று சபையார் கொண்டுவந்து போடும் துணிகள் அங்கே குவியும். பன்னிரண்டு வருடமாக அவற்றைப் பிரித்து, துவைத்து, பித்தான் வைத்து, ஓரம் அடித்து அடுக்குகிறவள் இவள்தான். என்ன துணி வருகிறது என்கிறீர்கள்? அக்குள் கிழிந்த சட்டை, ஜிப் போன கால்சட்டை, ஜோடியில்லாத காலுறை. தரை துடைக்கக்கூட யோசிக்க வேண்டிய துணியை இயேசுவுக்கே உடுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. இவள் முணுமுணுப்பதைக் கேட்ட கமிட்டிச் செயலாளர், தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்றார்.

"பல்லைப் பாக்கலைங்க ஐயா," என்றாள் இவள். "மாடு இருக்கான்னுதான் பாக்குறேன்."

அவர் சும்மா இருப்பாரா? அடுத்த மாதமே அலமாரியில் ஒரு தாள் ஒட்டினார்: 'ஞாயிறு ஆராதனை முடிந்து, மேடையில் படம் எடுத்த பிறகே துணி வழங்கப்படும்.' ஆண்டறிக்கையில் போட வேண்டுமாம். கொடுத்தவர்கள் பார்க்க வேண்டுமாம்.

ஒரு புதன்கிழமை மதியம் ஒருத்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அறை வாசலில் வந்து நின்றாள். நான் அப்போது பித்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளுக்கு முன் மின்கசிவில் அவள் வீடு எரிந்துவிட்டது. உடுத்தியிருந்த நைட்டி பக்கத்து வீட்டுக்காரியுடையது. தோளில் நிற்காமல் வழிந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. வெள்ளிக்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

கத்தரி செயலாளருக்குப் போன் செய்தாள். அவர் பெயரும் கேட்கவில்லை, பெண்ணை வந்து பார்க்கவும் இல்லை. தீ விபத்து, பெண் ஒன்று, குழந்தை ஒன்று என்று பட்டியலில் எழுதிக்கொண்டார். ஞாயிறு வரச் சொல்லுங்கள், நாலு நாள்தானே என்றார்.

இவள் போனை வைத்தாள். அலமாரியைத் திறந்து, இருந்ததிலேயே நல்ல நீலச் சட்டையையும் கறுப்புப் பாவாடையையும் எடுத்தாள். சட்டையின் பக்கங்களைப் பிடித்துத் தைத்து, பெண்ணுக்குப் போட்டுவிட்டு, தள்ளி நின்று பார்த்து, ஒரு கையை மட்டும் பிரித்து மறுபடி தைத்தாள். சிறுமிக்கு இரண்டு கவுன். அரைமணி நேரத்தில் இருவரும் போய்விட்டார்கள். பிறகு கழித்துப்போட்ட குவியலிலிருந்து எதையோ எடுத்து, ஞாயிறு மேடைக்கென்று வண்ணத் தாளில் பொட்டலம் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன் பெஞ்சில் அந்த நீலச் சட்டை. நன்றி சொல்லி ஜெபிக்க வந்தேன் அக்கா, வேலை தப்பித்தது என்று என் காதில் சொன்னாள். அவள் பக்கத்தில் செயலாளரின் மனைவி. தன் பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்தது. செயலாளர் மேடையில் பொட்டலத்தோடு நின்று, தீயில் எல்லாவற்றையும் இழந்த சகோதரி முன்னால் வரவும் என்று மைக்கில் கூப்பிட்டார். கேமராக்காரர் தயாராக நின்றார். நீலச் சட்டைக்காரியின் கழுத்து சிவந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். நான் பின்னாலிருந்து தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

அதற்குள் கத்தரி மேடை ஏறிவிட்டாள். பொட்டலத்தை அவர் கையிலிருந்தே வாங்கிப் பிரித்தாள். காலர் நைந்து, முதுகில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டையோடு ஒரு வெள்ளைச் சட்டை. விரித்துப் பிடித்தாள்.

"இது உங்க வீட்டுல இருந்து வந்தது ஐயா. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போவீங்களா?"

செயலாளரின் முகம் கறுத்தது. மைக்கை மூடாமலே கேட்டார்:

"அந்தப் பொண்ணு எங்க சிஸ்டர்?"

"புதன்கிழமையே குடுத்துட்டேன். வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னவரு வீடு இது. இங்க கேமரா எதுக்கு?" அவள் சபையைக் கைகாட்டினாள். "அந்தப் பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கு. யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பாவி, காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். சபை முழுக்கத் தலைகள் திரும்பின. வரிசை வரிசையாகத் தேடினார்கள். கேமராக்காரரும் தேடினார். செயலாளரின் மனைவி, பாட்டுப் புத்தகத்தை நீலச் சட்டைக்காரியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று, பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அது?" என்று அவளையே கேட்டாள். "உங்களுக்குத் தெரியுதா?"