லவங்கக் கை

மகள் வாங்கித் தந்த சென்ட்டை மணிக்கட்டில் அடித்துவிட்டு, தேய்க்காமல் காத்திருந்தேன். அதுதான் விதி, நான் விதிகளை மீறியதில்லை. முதலில் மிளகு சுள்ளென்று ஏறியது, பிறகு லவங்கம், ஒரு மணி நேரம் கழித்துத் தோலின் சூட்டில் காய்ந்த மரப்பெட்டியின் வாசம் மட்டும் தங்கியது.

ராயபுரத்தில், இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில், மரப்பெட்டிகளையும் லவங்க மூட்டைகளையும் கூரை வரை அடுக்கிய கிடங்கில் இதே வாசனை இருந்தது. அங்கே நாள் முழுக்க லவங்கம் புடைத்த அம்மாவின் உள்ளங்கையில் அது சோப்புக்கும் சீயக்காய்க்கும் அசையாமல் இருந்தது. அவள் தலைவாரி விட்டால் பள்ளிக்கூடம் வரை என் பின்னலிலும் கூடவே வந்தது.

ஒரு சாயங்காலம் அம்மாவுக்காக நான் கேட்டருகே நின்றிருந்தபோது, புதிதாக வந்த வாட்ச்மேன் அவள் கையை மோந்து பார்த்து வழிமறித்தார்.

"கை இப்டி மணக்குது. சரக்க எங்க ஒளிச்சி வெச்சிக்கீற?"

அம்மாவின் வேலை போய்விடும் என்று எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. முந்தானையை உதறிக் காட்டினாள். குழாயடியில் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னும் மணக்குதா நைனா? இப்ப இவரு கைய மோந்து பாரு. காலீலேர்ந்து மூட்டையத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கினு கீறாரு. இவரும் திருடனா?"

மேஸ்திரி வாட்ச்மேன் கையை மோந்தார். பிறகு யாரும் கேட்காமலே தன் கையையும் மோந்தார்.

"சரி, வூட்டுக்குப் போம்மா."

"இன்னாத்துக்குப் போவணும்? நான் திருடி இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு, போறேன்."

சொன்னார். அப்புறம்தான் அம்மா நகர்ந்தாள்.

முப்பது வருடம் இலாகா விசாரணைகள் நடத்தி ஓய்வுபெற்றேன். இவ்வளவு சுத்தமாக ஒன்றைக்கூட முடித்ததில்லை.