பலாப்பால் ஒட்டிய சன்னல்

அரசாங்கச் சேவையில் முப்பத்தொரு ஆண்டு இருந்தவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும், அங்கே எத்தனை நாள் உறங்கும் என்பதெல்லாம் இன்றும் மனப்பாடம். ஒட்டியதைப் பிரிக்கும் முறை மட்டும் எனக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையைப் பார்த்த ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கடலுக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியக்கூடாது என்பது உத்தரவு. சன்னல்களைக் கறுப்புக் கடதாசியால் மூடி, சட்டத்தைத் தாண்டிச் சுவரிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. அதைத் தமிழில் எழுதியவன் நானே. கோந்து தட்டுப்பாடாக இருந்ததால், 'உள்ளூரில் கிடைக்கும் உறுதியான பசை எதையும் உபயோகிக்கலாம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். என் சொல்லை நானே மீறலாமா? வீட்டு வளவில் நின்ற பலாவைக் கீறிப் பால் எடுத்து, மேற்குச் சன்னலில் தடவி ஒட்டினேன்.

யுத்தம் முடிந்தது. கடதாசி முடியவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டு உப்புக்காற்றும் மழைக்கால ஈரமும் அதன் ஒரு மூலையைக்கூடத் தூக்கவில்லை. இத்தனை விசுவாசத்தை எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. ஞாயிறு காலை வீடு பார்க்க வருகிறாராம். யுத்தத்துக்குப் பயந்து ஊருக்கு ஓடியவர்களெல்லாம் திரும்பி வந்து கொழும்பில் வீடு தேடிக்கொண்டிருந்த காலம். வாடகைச் சட்டம் எங்களைப் போன்றவர்களைக் காத்தது; ஆனால் வீட்டைப் பழுதாக்கியவனைக் காக்கவில்லை. அந்தப் பிரிவு எனக்கு எண்ணோடு தெரியும். சுவர் கெட்டால் வீடு போகும். மூன்று வயது மகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வெந்நீர் ஊற்றினேன். கடதாசி நனைந்தது, பால் அசையவில்லை. வினாகிரி பூசினேன், வீடு முழுவதும் ஊறுகாய் மணத்தது, அவ்வளவே. கடைசியில் கத்தியை எடுத்தேன். கடதாசியோடு நீலச் சுண்ணாம்பும் காசளவுக்குப் பெயர்ந்து வந்தது. கை நின்றுவிட்டது.

சமையலறை வாசலில் என் மனைவி வெகுநேரமாக நின்றிருக்கிறாள்.

"இஞ்சாருங்கோ, நான் பிலாப்பழம் வெட்டேக்க கைக்கு என்ன பூசுறனான்?"

"தேங்காயெண்ணெய்."

"கத்திக்கு?"

"அதுக்கும் எண்ணெய்தான்."

"பிறகேன் உந்தச் சுவரைத் தோலுரிக்கிறியள்? தள்ளுங்கோ."

எண்ணெயைச் சூடாக்கிப் பழந்துணியில் தோய்த்து, ஓரத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள். தேய்க்கவில்லை, சுரண்டவில்லை, காய்ச்சல்காரன் நெற்றியில் துணி வைப்பதுபோல வைத்துக் காத்திருந்தாள். பிறகு இரண்டு விரலால் மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். நான்கு ஆண்டுகள் எதற்கும் இளகாத பால் மஞ்சள் நூல்களாக நீண்டு, மெலிந்து, ஓசையில்லாமல் விட்டுக்கொடுத்தது. நான் கத்தி வைத்த இடம் தவிர, கடதாசி கிழியாமல் வந்தது. அடியில் நாங்கள் குடிவந்த நாளின் நீலம் அப்படியே இருந்தது. அறையின் மற்றச் சுவர்கள் மங்கிப்போயிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

அவள் சன்னலைத் தள்ளினாள். கடல் உள்ளே வந்தது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூரை, கட்டில், அவள் முகம் எல்லாவற்றிலும் தண்ணீரின் வெளிச்சம் ஆடியது.

மகள் கட்டிலில் எழுந்து நின்றாள். அந்த அறையில் அவள் அறிந்தது ஒரு கறுப்புச் சுவரை மட்டும்தான். ரயில் சத்தம் அதற்குள்ளிருந்து வருகிறது, சுவருக்குள் ஒரு ரயில் குடியிருக்கிறது என்று நம்பியிருந்தாள்.

"அப்பா, அம்மா சுவரைத் திறந்திட்டா!"

அந்நேரம் தெகிவளைப் பக்கமிருந்து ரயில் வந்தது. கடைசிப் பெட்டி மறையும்வரை அவள் மூச்சே விடவில்லை. "வெளியில வந்திட்டுது," என்றாள் மெதுவாக. சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் அதையேதான் பார்த்தேன்.

பால் போன இடத்தில் எண்ணெய்க் கறை சன்னலைச் சுற்றிச் சட்டம் போட்டிருந்தது. இங்கே என் படிப்பு கொஞ்சம் உதவியது. அலுவலக மையொற்றுத் தாள்களைச் சுவரில் வைத்து, கரி இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் அழுத்தினேன். தாள் தாளாக எண்ணெயைக் குடித்தது. இருந்தும் சாய்ந்து பார்த்தால் ஒரு நிழல் தெரிந்தது. கத்தி பட்ட இடமும் வெள்ளையாகப் பல்லிளித்தது.

ஞாயிறு காலை வீட்டுக்காரர் வந்தார். குடை நுனியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே நடந்தவர் மேற்குச் சன்னலில் நின்றார். விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன தம்பி, சுவருக்குத் தலைக்கு எண்ணெய் வச்சனீரோ?"

பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "நாலு வருஷமா முழுகாத சுவர் ஐயா. எண்ணெய் வைக்காம எப்பிடி முழுக வாக்கிறது?"

அவர் சிரிக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெள்ளைப் பொட்டைப் பார்த்தார். "இது?"

"அது இவர் கத்தி வச்ச இடம். நான் வர முந்தி."

"ஒரு இடம்தானோ?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கொட்டாஞ்சேனையில நானும் பிலாப்பால்தான் பிள்ளை ஒட்டினனான். கத்தியால எடுக்கப்போய் முன்னறைச் சுவரில பாதி நிலத்தில கிடக்குது. ஆரோ ஒரு மடையன் சுற்றறிக்கையில எழுதியிருந்தான், உறுதியான பசையாம்."

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

"அங்க இன்னும் மூண்டு சன்னல் மிச்சமிருக்கு," என்றார். "எண்ணெயை எவ்வளவு சூடாக்கிறது?"

வீட்டைப் பற்றி அவர் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் கடதாசி எடுத்து எழுதினேன். வாழ்நாளெல்லாம் பிறர் வாக்கியங்களைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன், அன்று ஒரு சொல்லையும் மாற்றவில்லை.