புகையாத சில்லு

தேயிலை விலை விழுந்து, துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஓப்பநாயக்கவுக்கு மேலே, மேகம் வந்து ஜன்னலைத் தட்டுகிற உயரத்தில், ஒரு தோட்டத்து மருந்துச்சாலையில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். பக்கத்துத் தோட்டத்துத் துரை போகும்போது தன் பந்தயக் காரை மலிவாக என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கட்டினார் என்று சொல்வதும் சரியில்லை. தலையை நீட்டிக்கொண்டு நின்றவன் நான்தான்.

கரும்பச்சை நிறம். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்மூடியைத் தூக்கினால் இன்னொருவர் ஒடுங்கி உட்கார ஒரு குழி. சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பி வைத்த சில்லுகள். நிற்கும்போதே எங்கோ போய்க்கொண்டிருப்பது போல ஒரு தோற்றம். எனக்கும் அந்த வியாதி உண்டு. ஓரிடத்தில் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து என் மாமியார் வருவதாக இருந்தது. கொழும்பில் இறங்கி, குறுகிய தண்டவாளத்தில் ஓடும் சின்ன ரயில் பிடித்து, ஓப்பநாயக்க ஸ்டேஷனுக்கு வருவார். அவரைக் காரில் கூட்டிவர வேண்டும் என்று நான் துடித்தேன். மனைவி கேட்டாள்:

"அம்மாவை அந்தக் குழிக்குள்ளையோ இருத்தப்போறியள்?"

"நீர் குழிக்குள்ளை இரும். மாமி முன்னுக்கு."

"அது கிடக்கட்டும். இது எப்படி நிக்கும்?"

"பிரேக்கை மிதிச்சால் நிக்கும்."

"மிதிச்சால் உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை.

"அப்ப பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் நல்லது எண்டால் நான் ஏறுறன்."

ஒரு பெண் தன் உயிரையும் தாயின் உயிரையும் இப்படி நம் ஒரு சொல்லில் தூக்கி வைத்துவிட்டால் என்ன செய்வது? தோட்டத்து லொறிக்காரரைக் கூட்டிவந்தேன். சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம்.

உள்ளே ஓர் உலகம் இருந்தது. சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டி. அதற்குள் சுற்றாமல் நிற்கும் இரண்டு வளைந்த இரும்புத் துண்டுகள். அவற்றின் முதுகில் செப்பாணி அடித்துப் பதித்த தடித்த பட்டி. மிதித்தால் துண்டுகள் விரிந்து, பட்டி சட்டியை உரசும். அந்த உரசலில்தான் வண்டி நிற்கிறது. இவ்வளவு வேகத்தையும் பிடித்து நிறுத்துவது ஒரு சிறு அணைப்புத்தான் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டியின் உட்புறத்தில் ஆற்று மணலில் அலை விட்டுப்போன வரிகள் போல வரிகள் ஓடின. தட்டியபோது சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் கொட்டியது. துரை போன தூரமெல்லாம் அந்தத் தூளில் இருந்தது.

மூன்று சில்லுகளில் பட்டி நன்றாகத் தேய்ந்திருந்தது. ஆணித் தலைகள் மட்டத்துக்கு வர இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். முன் இடது சில்லில் மட்டும் பட்டி முழுத் தடிப்போடு, கறுத்து, மினுமினுவென்று இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையின் முதுகு போல.

"தொர ஒரு காலுக்கு மட்டும் புதுச் செருப்பு போட்டிருக்காருங்க ஐயா" என்றார் லொறிக்காரர். "மத்த மூணும் மெலிஞ்சிருக்கு. இருந்தாலும் ஓடுங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மினுமினுப்பைக் கண்டால் ஆரோக்கியம் என்று நினைப்பது என் தொழில் கொடுத்த பழக்கம். மனைவியிடம் போய், "ஒண்டு புதுசு போல இருக்கு, மற்ற மூண்டும் பரவாயில்லை. நல்லது" என்றேன்.

ரயில் வரும் நாளில் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் இடப்பக்கத்தில் ஏறினாள். மலைச்சரிவில் இறங்கினோம். பிரேக்கை மெல்ல மிதிக்கும்போதெல்லாம் காரின் மூக்கு ஒரு நூல் வலப்பக்கம் சாய்ந்தது. நல்ல ஜாதி வண்டி, துள்ளுகிறது என்று எண்ணிக்கொண்டேன். தேயிலை மேட்டின் பச்சையும் பள்ளத்து றப்பர் மரங்களின் கருமையும் மாறி மாறி வந்தன. மழை தூறத் தொடங்கியது.

ஒரு வளைவில் தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று நடுவழியில் நின்றது. இறுக்கி மிதித்தேன். கார் நேரே நிற்கவில்லை. யாரோ வலது கையைப் பிடித்து இழுத்தது போலப் பள்ளத்துப் பக்கம் திரும்பியது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன், கேட்கவில்லை. மதகின் கட்டைச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் கீழே ஓடையின் சத்தம்.

வண்டிக்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, தன் மாட்டைத்தான் முதலில் தடவிக்கொடுத்தார்.

மனைவி இறங்கினாள். குடையை விரித்தாள். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இஞ்சேருங்கோ. இந்தச் சில்லு மட்டும் ஏன் புகையேல்லை?"

இறங்கிப் பார்த்தேன். மழைத்துளி விழ விழ, கம்பிகளுக்கு நடுவே முன் வலது சில்லிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. பின்னால் இரண்டும் அப்படியே சீறின. முன் இடது சில்லு மட்டும் நனைந்துகொண்டு சும்மா இருந்தது. காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை அதன் சட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சூடே இல்லை. தொட்டேன். மழையில் கிடந்த கல் போலக் குளிர்ந்திருந்தது.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் குடை பிடிக்க, நான் குந்தியபடி ஒவ்வொரு சில்லாகப் போய்வந்தேன். சேறு வேட்டியில் ஏறியது. அந்த மூன்றும் கொதிக்கின்றன, இது ஏன் கொதிக்கவில்லை? உரசினால்தானே சூடு வரும். உரசினால்தானே தேயும். அப்படியானால் அந்த மினுமினுப்பு...

"புதுசு எண்டு சொன்னது இதைத்தானோ?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் குடையை என் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தாள். அது திட்டுவதைவிட உறைத்தது.

சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு ஒரே குடையில் ஸ்டேஷனுக்கு நடந்தோம். சின்ன ரயில் போய்விட்டிருந்தது. மாமியார் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கார் எங்கை பிள்ளை?"

"வழியிலை நிக்குதம்மா."

"நிக்கத் தெரியுமோ அதுக்கு?"

"மூண்டு காலிலை தெரியும்" என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.

வாடகை மாட்டு வண்டியில் மூவரும் மலையேறினோம். வழியில் மதகடியில் நின்ற காரை மாமியார் தலையைத் திருப்பிப் பார்த்தார். "வடிவான கார்தான்" என்றார்.

மறுநாள் லொறிக்காரரும் நானும் அங்கேயே அந்தச் சில்லைக் கழற்றினோம். இம்முறை பட்டியில் விரலை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. அச்சுக்குள் அளவுக்கு மீறித் திணித்த கிரீஸ் உருகி, கசிந்து, பட்டியில் ஊறிப் போயிருந்தது. அந்தப் பட்டி சட்டியைத் தொட்டும் பிடிக்காமல் எத்தனை காலம் வழுக்கிக்கொண்டிருந்ததோ. அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்துதான் மற்ற மூன்றும் மெலிந்திருந்தன. முன்னால் இடது பிடிக்காமல் வலது மட்டும் பிடித்ததால்தான் கார் வலப்பக்கம் இழுத்திருக்கிறது. லொறிக்காரர் விரலில் பட்ட கிரீஸைப் புல்லில் துடைத்தார்.

"புதுச் செருப்பு இல்லீங்க ஐயா. நடக்காத செருப்பு."

நான்கு சில்லுக்கும் புதுப் பட்டி போட்ட பிறகு, மனைவியிடம் போய் உள்ளே பார்த்ததை எல்லாம் சொன்னேன். நல்லது என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டு, மழை வரட்டும் என்றாள். மழை வந்த ஒரு நாளில், சரிவின் அடியில் காரை நிறுத்தி இருவரும் இறங்கிப் பார்த்தோம். நான்கு சில்லுகளும் புகைந்தன. அதன் பிறகுதான் மாமியார் முன்னாசனத்தில் ஏறினார். என் மனைவி பின்குழிக்குள் ஒடுங்கிக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் கார் என்னிடம் அதிக காலம் இருக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் தேய்வே இல்லாமல் பளபளக்கும் எதையாவது, யாரையாவது கண்டால், மெச்ச வாய் திறக்குமுன், பக்கத்தில் புகைந்துகொண்டிருக்கும் மற்ற மூன்றும் எங்கே என்று என் கண் தேடத் தொடங்கிவிடுகிறது.